துண்டு வெட்டிய பின்னர்

வைத்தியசாலையில் “துண்டு வெட்டிவிட்டார்கள்” என்ற செய்தி நம் இல்லங்களில் மகிழ்ச்சியோடு வரவேற்கப்படும் செய்தியாகும். மூன்று நாளோ முப்பது நாளோ படுக்கையிற் கிடந்தவர் வீடு திரும்புகிறார் என்றால், அறையைக் கூட்டிப் பெருக்குவதும், கஞ்சி காய்ச்சுவதும், அயல் வீட்டார் கூடி நலம் விசாரிப்பதும் நமது வழக்கம். காய்ச்சற்காரருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், கை முறிந்து கட்டுப் போட்டவருக்கும் இது பொருந்தும். ஒரு நோய்க்கு மட்டும் பொருந்துவதில்லை. அந்நோயாளிக்குத் துண்டு வெட்டப்படும் நாளிலேதான் உண்மையான பணிவிடை ஆரம்பமாகிறது. அதைச் செய்ய வேண்டியவர் வெள்ளையுடை தரித்த தாதி அல்லர். வீட்டிலே இருக்கின்ற ஒரு பெண். அவளுக்கு எவரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மலைநாட்டிலே ‘துண்டு’ என்ற சொல்லுக்கு ஒரு பழங்கதையும் உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளி, தன் கடன் இவ்வளவு என்று துரை எழுதிக் கொடுத்த துண்டோடுதான் போக வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்து அவனை ஏற்கும். கடன் மட்டும் அவன் தலையோடு கூடவே போகும். 1921ஆம் ஆண்டில் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆயினும் மறதி நோயாளி ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தார் கையில் இருக்கும் வைத்தியசாலைத் துண்டைக் காணும்போது, அதிலும் ஒரு கடன் எழுதாமல் எழுதப்பட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

மறதி நோய் என்று யான் குறிப்பிடுவது வைத்தியர்கள் ‘டிமென்ஷியா’ என்று வழங்கும் நோயை. யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பர். தோட்டங்களிலோ, ‘வயசு போனா அப்பிடித்தான்’ என்று சொல்லிவிட்டு விடுவோரும் உளர். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று கோடாங்கியைத் தேடிப் போவோரும் உளர். இரண்டும் பிழை. தலை நரைப்பது முதுமையின் இயல்பு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவதும் முதுமையின் இயல்பே. ஆனால் பெற்ற மகளைப் பார்த்து ‘நீ யாரு?’ என்று கேட்பது முதுமையின் இயல்பன்று. அது மூளையைப் பீடிக்கும் நோயின் குறி.

1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகர வைத்தியசாலைக்கு 51 வயதுடைய ஒரு பெண்மணி கொண்டுவரப்பட்டாள். நினைவும் சொல்லும் அவளை விட்டு நழுவிக்கொண்டிருந்தன. 1906இல் அவள் இறந்தபின் அவளது மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர், அதிலே விசித்திரமான படிவுகளையும் முறுக்குண்ட நார்களையும் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் வைத்தியர் கூட்டமொன்றில் அதனை எடுத்துரைத்தார். கேட்டிருந்தோர் அதைப் பெரிதாகக் கருதவில்லை. இன்று உலகெங்கும் மறதி நோயால் வருந்துவோரில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர்வரை அவர் பெயரால் வழங்கும் நோயைக் கொண்டவர்களே. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் மறதி நோய் கண்டோர் அடுத்த வரிசையில் நிற்கின்றனர். 2021ஆம் ஆண்டில் 5 கோடி 70 இலட்சம் மக்கள் இந்நோயோடு வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நம்மைப்போன்ற வசதி குறைந்த நாட்டினர்.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. கொழும்புக்கு வடக்கேயுள்ள இராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தாலே, முதியோர் நூறு பேர் வாழும் ஒரு தோட்டத்தில் நான்கு வீடுகளில் இந்தத் துயரம் இருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, இந்நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் நாம் மாற்றக்கூடியவை எனப் பதினான்கைக் குறிப்பிட்டது. இளமையிற் கல்வி இன்மை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, தலையில் அடிபடுதல், மருந்து காணாத செவிட்டுத்தன்மை, பார்வைக் குறைவு, தனிமை என்பன அவற்றுட் சில. அப்பட்டியலைப் படிக்கும் மலைநாட்டான் எவனும் தன் பாட்டன் பாட்டியரை நினையாதிருக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய தலைமுறை அது.

நிற்க. மறதி நோய்க்காரர் மறதிக்காக வைத்தியசாலைக்குப் போவது அபூர்வம். படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து போவார். சளி முற்றி நெஞ்சடைத்துப் போவார். சிறுநீரிலே கிருமி கண்டு காய்ச்சலோடு போவார். வாட்டிலே அவருக்குக் காலுக்கும் நெஞ்சுக்கும் சிகிச்சை நடக்கிறது. ஆனால் பழகிய சுவரும், பழகிய குரலும், பழகிய பாயும் இல்லாத அந்த இடத்தில், இரவு முழுவதும் எரியும் விளக்கின்கீழ், அவருடைய மனம் மேலும் குழம்புகிறது. பிற்காலத்திற் கற்ற மொழி மறதி நோயில் முதலிற் கழன்றுபோவது வழக்கம். ஆகவே ஒரு காலத்தில் சந்தையிலும் கடையிலும் சிங்களம் பேசியவர்கூட, கடமையிலுள்ள தாதி அன்போடு கேட்கும் கேள்விக்கு விழிப்பார். விழிப்பவரை முரடர் என்று எண்ணிக் கட்டிலோடு கட்டுவதும் சில இடங்களில் நிகழ்வதுண்டு.

இங்கே வீட்டார் அறிந்திருக்க வேண்டிய ஒரு பேதம் உண்டு. மறதி நோய் ஆண்டுக்கணக்கிலே மெல்ல மெல்ல வளர்வது. நம் பழைய வைத்தியர்கள் ‘சன்னி’ என்றார்களே, அது வேறு. அது ஒரு நாளிலே, சில வேளை ஒரு மணி நேரத்திலே வருவது. நேற்றுவரை பேரனை அடையாளம் கண்டவர் இன்று காலை சுவரிலே பூச்சி ஊர்கிறது என்று பிதற்றினால், அல்லது என்றும் இல்லாதபடி அரைத் தூக்கத்திற் கிடந்தால், ‘நோய் முற்றிவிட்டது’ என்று இருந்துவிடலாகாது. உடலிலே எங்கோ ஒரு கிருமியோ, நீர் வற்றியதோ, மலச்சிக்கலோ, புதிய மாத்திரையோ இருக்கிறது. உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இன்னொன்றும் உண்டு. மறதி என்று தோன்றுவன எல்லாம் இந்நோய் அல்ல. கழுத்துச் சுரப்பியின் குறைபாடு, சில உயிர்ச்சத்துக்களின் குறைவு, ஆழ்ந்த மனச்சோர்வு, விழுந்தபோது மண்டையுள் கசிந்த இரத்தம் ஆகியவையும் மறதியாக வரும்; இவை மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ தீரக்கூடியவை. முதலில் ஒரு முறையேனும் வைத்தியர் இரத்தம் எடுத்துச் சோதிக்காமல், ‘இது வயதுக் கோளாறு’ என்று வீட்டார் தீர்ப்பளிப்பது தகாது.

நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. சிலருக்குச் சில காலம் தெளிவு தரும் மாத்திரைகள் உண்டு. அமெரிக்காவில் 2023இல் அனுமதிக்கப்பட்ட புதிய ஊசி மருந்து, நோயின் ஆரம்பத்திலே மட்டும் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்க வல்லது; அதன் விலை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கக்கூடியதன்று. ஆகவே மருந்தைப் பற்றி நீட்டாமல் வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

வீடு என்றால், நம் பகுதியிலே இன்னும் பல குடும்பங்களுக்கு அது லயத்துக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னே ஓர் இஸ்தோப்பு, பின்னே அடுப்படி. அதற்குள்ளே மூன்று தலைமுறை. தனித்த வீடு கட்டிக்கொண்டோரும் இருக்கின்றனர். ஆயினும் அங்கும் படிகள் உண்டு, வாசலோடு ஓடும் கான் உண்டு. மலசலகூடம் பல லயங்களில் வெளியே இருக்கிறது. இரவிலே, மழையிலே, பாசி படர்ந்த கற்படியில் இறங்கிப் போக வேண்டும். நுவரெலியா 6000 அடிக்கு மேலே இருப்பது. ஹட்டன் 4000 அடிக்கு மேலே. மார்கழி தையில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும். நகரத்திலே மறதி நோய்க்காரர் ஒருவர் வாசலைத் தாண்டி நடந்துவிட்டால், தெருவிலே யாராவது பார்த்துப் பிடித்து வருவர். இங்கே வாசலைத் தாண்டினால் தேயிலை மலை. பனிமூட்டத்திலே பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. சரிவு உண்டு, ஓடை உண்டு, சில மலைகளிலே சிறுத்தையும் உண்டு.

அவர்கள் ஏன் வாசலைத் தாண்டுகிறார்கள்? பைத்தியத்தால் அன்று; காரணத்தோடுதான். நாற்பது ஆண்டு விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓடிய கால்கள் அவை. தப்போசை கேட்டு எழுந்த காது, அந்த ஓசை நின்று பல்லாண்டு கழிந்த பின்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிந்தினால் பேர் விழாது; பேர் விழாவிட்டால் அரிசி இல்லை. இந்தப் பயம் மற்றெல்லா நினைவும் போன பின்னும் போவதில்லை.

நான் கற்பிக்கும் கல்லூரியிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, காலையில் முதற் பாடத்திலேயே கண்ணயர்வதைக் கண்டு விசாரித்தேன். தாய் குவைத்திலே வீட்டுப் பணிப்பெண், தகப்பனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, தம்பி சிறுவன். சளிக் காய்ச்சலோடு வாட்டிலே பதினொரு நாள் இருந்த அவளுடைய அப்பாயிக்குத் துண்டு வெட்டி ஒரு மாதமாகிறது. போகும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர், திரும்பி வந்தபோது இவளைத் தன் அக்காள் என்று எண்ணினாராம். அந்த அக்காள், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போன குடும்பமொன்றில் தலைமன்னாரிலே கப்பலேறியவர். பிறகு சகோதரிகள் சந்திக்கவேயில்லை. அப்பாயி மூன்று மணிக்கு எழுந்து, கம்பளியைத் தேடி, படங்கைத் தேடி, கதவைத் திறப்பார். இவள் கதவுக் கொண்டியிலே ஒரு தகர டப்பாவையும் கரண்டியையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கதவு அசைந்தால் ஓசை எழும், இவள் எழுவாள்.

“எழுந்தவரை எப்படித் தடுக்கிறாய்?” என்று கேட்டேன்.

“தடுக்கிறதில்லீங்க சேர். தடுத்தா அடிக்க வருவாங்க. ‘அப்பாயி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பிரட்டு இல்ல’ன்னு சொல்லுவேன். அப்ப சரின்னு படுத்துக்குவாங்க. விடிஞ்சதும் கீரைக்கட்டு ஒண்ணக் குடுத்துருவேன். கிள்ளிக்கிட்டே இருப்பாங்க.”

எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவள் இதைக் கற்கவில்லை. ஆனால் மறதி நோய்ப் பராமரிப்பில் தேர்ந்த தாதியர் சொல்வதும் இதுவே. நோயாளியின் உலகத்துக்கு நாம் போக வேண்டுமேயன்றி, நம் உலகத்துக்கு அவரை இழுக்கலாகாது. ‘அக்கா எப்போதோ செத்துப் போயாச்சு’ என்று உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது புதிய சாவாகவே அவருக்கு விழும், புதிதாகவே அழுவார். ‘அக்கா உங்களுக்கு என்ன பாட்டுச் சொல்லிக் கொடுத்தாங்க?’ என்று கேட்டால் முகம் மலரும். இதனைப் பொய் என்று கொள்வோரோடு நான் வாதிட விரும்பவில்லை. கைப்பழக்கம் நினைவைக் காட்டிலும் நெடுநாள் நிலைக்கும் என்பதும் மெய்யே. கொழுந்து கிள்ளிய விரல்களுக்குக் கீரையைக் கொடுத்த அந்தப் பெண்ணின் அறிவை மெச்சாதிருக்க முடியாது. ஆனால் அவள் உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அவளைப் போல எத்தனை பிள்ளைகள் இரவு காவலிருந்துவிட்டுப் பாடசாலைக்கு வருகிறார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. வரவுக் கொப்பியிலே அவர்கள் ‘வந்தவர்கள்’.

வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பிலே வசதியுள்ள வீடுகளில் முதியோரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவிலே காலடியிற் படுத்துக் காவல் காப்போரில் நம் மலைநாட்டுப் பெண்கள் ஏராளம். அந்நிய தேசத்து வீடுகளிலும் அவ்வாறே. அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே கூரை மாறுகிறது, பிள்ளை படிக்கிறது. அதைக் குறை சொல்வாரில்லை. ஆயினும் மலையிலிருந்து இறங்கிப் போகும் பணிவிடைக்கு மாதச் சம்பளம் உண்டு; மலையிலே செய்யப்படும் பணிவிடைக்கு ஒரு நாட்பேரை இழப்பதே கூலி. வீட்டிலே நோயாளியோடு நிற்கும் மருமகளை ‘சும்மாதான் இருக்கிறாள்’ என்று சொல்லும் வாய்களை நான் கேட்டிருக்கிறேன்.

சும்மா இருப்பவள் செய்யும் வேலை யாதெனச் சற்றுப் பார்ப்போம். வைத்தியசாலையிலிருந்து வந்தவர் படுத்த படுக்கையானால், இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்ட வேண்டும். இன்றேல் முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பின் கறுத்து, படுக்கைப்புண் ஆகும். சிவப்பைக் கண்ட அன்றே கவனித்தால் ஆறும். குழியான பின் மாதக்கணக்கில் ஆறாது. ஊட்டுவதிலே பெரும் அபாயம் உண்டு. நம்மவர் அன்பின் மிகுதியால், படுத்திருப்பவர் வாயிலே கஞ்சியை ஊற்றிவிடுவர். அது புரையேறி நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலாகிறது. மறதி நோயாளரை இறுதியிற் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தக் காய்ச்சலே. ஆகவே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பின்னரே மறுவாய் கொடுக்க வேண்டும். உண்ட பின் அரை மணி நேரம் படுக்கவிடலாகாது. தண்ணீர் கேட்க அவர்களுக்குத் தோன்றாது. நாமாக நினைவூட்டிக் கொடுக்க வேண்டும். குளிர் காலத்திலே இதை மறந்துவிடுவோம்.

மலசலத்துக்கு நேரம் வைத்து அழைத்துப் போனால் பாதி ஈரத்துணி குறையும். வெளிக் கூடத்துக்கு இரவிலே அழைத்துப் போவதைக் காட்டிலும், அறையின் மூலையில் ஒரு வாளியும், நடுவிலே ஓட்டையிட்ட பழைய நாற்காலியும் வைப்பது நன்று. தச்சு வேலை அறிந்தவர் எந்த லயத்திலும் ஒருவர் இருப்பார். எரியும் அடுப்பு, குளிருக்கு வைக்கும் கரிச்சட்டி, மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவற்றருகே நோயாளியைத் தனியே விடலாகாது. தேயிலைக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. நிறத்தைப் பார்த்துச் சர்பத் என்று குடித்துவிடக் கூடும். அந்தி மயங்கும் வேளையிலே பலருக்கு அமைதி குலையும். ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று, இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு அழுவர். அவ்வேளைக்கு முன்னரே விளக்கேற்றி, அடுத்த வீட்டாரையும் வந்து உட்காரச் சொல்லி, தெரிந்த தாலாட்டோ, காமன் கூத்துப் பாட்டோ, தேவாரமோ பாடினால் பெரிதும் தணியும். சட்டைப் பையிலோ சேலை முந்தானையிலோ தோட்டத்தின் பெயர், பிரிவு, ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதித் தைத்துவிட வேண்டும்.

இவை எதுவும் பெரிய வித்தையன்று. ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. துண்டு வெட்டும்போது கையில் தரும் அட்டையில் ஆங்கிலத்திலே சில வரிகள் இருக்கும். மாத்திரை உறையிலே வேளைக் குறி இருக்கும். அடுத்த கிளினிக் தேதி கொப்பியிலே இருக்கும். இவ்வளவோடு மலையேறி வருகிறார்கள்.

நம்மைப்போன்ற நிலையிலுள்ள பிற இடத்தார் என்ன செய்தனர்? 1998இல் கொச்சியிலே கூடிய ஆய்வாளர் சிலர், தம் குழுவுக்கு ‘பத்து–அறுபத்தாறு’ என்று பெயரிட்டனர். மறதி நோயாளரில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சி நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதை உறைக்கச் சொல்லும் பெயர் அது. பின்னர் கோவாவிலே ஒரு பரிசோதனை நடைபெற்றது. அதன் முடிவு 2008இல் வெளியாயிற்று. பெரும் படிப்புப் படியாத உள்ளூரார் சிலருக்குப் பயிற்சி அளித்து, மறதி நோயாளர் வீடுகளுக்கு ஆறு மாத காலம் முறையாக அனுப்பினர். அவர்கள் நோயை விளக்கினர். முரண்டு பிடிக்கும்போது என்ன செய்வதென்று காட்டினர். அரச உதவிப் பணத்துக்கு வழி சொன்னர். பராமரிப்பவர் அழுதால் கேட்டிருந்தனர். அவர்களுக்குப் பின்னே ஒரு மனநல வைத்தியர் இருந்தார். நோயாளியின் நிலை அதனாற் பெரிதும் மாறிவிடவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் பராமரித்தவர்களின் மனவேதனை தெளிவாகக் குறைந்தது. பராமரிப்பவர் விழுந்துவிட்டால் நோயாளியும் விழுவார். ஆதலால் இதனைச் சிறிய பயன் என்று நான் எண்ணவில்லை. கேரளத்திலே கோழிக்கோட்டில் 1993இல் ஆரம்பமான வலி தணிப்புச் சங்கமும், அயலாரைக் கொண்டே படுக்கையிலுள்ளோரை வீடு தேடிச் சென்று பார்க்கும் முறையை மாநிலமெங்கும் பரப்பிற்று.

நம் நாட்டிலே லங்கா அல்சைமர் மன்றம் கொழும்பிலிருந்து பணிபுரிகிறது. முதியோருக்கான ஹெல்ப்ஏஜ் நிறுவனம் 1986 முதல் இயங்கி வருகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைக் காக்க எழுந்தது; அதன்வழித் தேசிய சபையும் செயலகமும் உண்டாயின. எல்லாம் நல்லவை, ஆனால் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பார்த்தால் கொழும்பு தூரம்.

இத்தனைக்கும் வீடு தேடி வரும் மருத்துவம் நமக்குப் புதிதன்று. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது தொட்டு, கருவுற்ற தாயை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் மருத்துவமாதுவின் பணியினாலேயே இலங்கை உலகின் புகழைப் பெற்றது. தோட்டங்களுக்கு அதன் பயன் பிந்தியே வந்தது, ஆயினும் வந்தது. பிறக்கப் போகும் பிள்ளைக்காகப் படியேறி வரும் அம்முறை, பெயர் மறந்த பாட்டிக்காக ஏன் வரலாகாது? 1872இலேயே தோட்டத் தொழிலாளருக்கென மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது உண்மை. ஆனால் நோயாளியை மீண்டும் மலைக்கு அனுப்புவதே அக்காலத்துத் தோட்ட வைத்தியத்தின் நோக்கம் என்று நான் கருதுகிறேன். செக்ரோலிலிருந்து பெயர் நீங்கியவர், வைத்தியத்தின் கண்ணிலிருந்தும் நீங்கினார். அந்தப் பழக்கத்தின் நிழல் இன்னும் அகலவில்லை.

கட்டடம் இல்லை என்று சொல்ல முடியாது. டிக்கோயாவிலே இந்திய உதவியாற் கட்டப்பட்ட ஆதார வைத்தியசாலைக் கட்டடத்தை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். 1990 என்று அழைத்தால் அம்புலன்ஸ் வரும் சேவையும் இருக்கிறது. இல்லாதது, வைத்தியசாலைக் கட்டிலுக்கும் லயத்துப் பாய்க்கும் இடையே நடந்துபோகும் ஓர் ஆள். தோட்டத்துக்கொரு பெண், படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்களுள் ஒருத்தி, சில வாரப் பயிற்சி பெற்று, சம்பளத்தோடு, இந்த நான்கைந்து வீடுகளுக்கு வாரம் ஒரு முறை போனால் போதும். பிள்ளைக் காம்பரா ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளையை அங்கே விட்டுச் செல்வர். சில இடங்களிலே பிள்ளைகள் குறைந்து அறை காலியாகவும் இருக்கிறது. அங்கே பகல்வேளையில் முதியோருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், மருமகளுக்கு ஒரு நாட்பேர் மிஞ்சும், பேத்திக்கு ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சும்.

சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்பர். மாதாமாதம் சம்பளத்திலே சந்தா பிடிக்கும் சங்கங்கள் நமக்கு உண்டு. கோயில் கமிட்டி உண்டு. தோட்டந்தோறும் மரண உதவிச் சங்கமும் உண்டு. ஒருவர் கண்ணை மூடியதும் கூடாரமும் கதிரையும் பெட்டியும் சொல்லி வைத்தாற்போல் வந்து நிற்கும். அந்தச் சங்கத்தின் ஒழுங்கை நான் மெய்யாகவே போற்றுகிறேன். சாவுக்கு முன்னுள்ள ஆறேழு ஆண்டுகளில் ஒரு சிறு பகுதியையும் அது பொறுப்பேற்கலாம். கம்பனிகளும் அரசும் தம் பங்கைத் தரும்வரை காத்திருந்தால், இப்போது பாயிலிருப்போர் இரார்.

அதுவரை, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீட்டிலே யாராவது நாளை வாட்டுக்குப் போய் அப்பாவையோ அம்மாயியையோ அழைத்து வர இருந்தால், துண்டைக் கையில் வாங்குமுன் கடமைத் தாதியிடம் சற்று நின்று கேளுங்கள். எந்த மாத்திரை புதியது, எது நிறுத்தப்பட்டது? எழுந்து நடக்கலாமா, எத்தனை பேர் தாங்க வேண்டும்? உணவு எந்தப் பதத்தில்? முதுகிலே சிவந்த இடம் உண்டா? குழாய் வைத்திருந்தால் அதை யார், எப்போது மாற்றுவது? எந்தக் குறியைக் கண்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே கொண்டுவர வேண்டும்? புரட்டுவதையும் ஊட்டுவதையும் ஒரு முறை உங்கள் கையாலேயே செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். அவர்களுக்கு வேலை அதிகம். ஆனாலும் கேட்டவருக்குச் சொல்லாமல் விடும் தாதியை நான் அதிகம் கண்டதில்லை. பாடசாலை போகும் பிள்ளை ஒருத்தியைக் கூட அழைத்துச் சென்றால் அவள் கொப்பியிலே தமிழில் எழுதிக்கொள்வாள். அன்று மட்டும் அவளுக்கு நாமே லீவுக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம்.